கால்மணிக்காரி

மாட்ரிட், 10 ஆகஸ்ட் 1993

அன்புள்ள எதெல்வினா அக்காவுக்கு,

நியேவெஸ் எழுதுவது. இங்கே நானும் சத்தூரும் நலம்; வெயில்தான் எங்களைப் பொரித்து எடுக்கிறது. நீயும் மாக்ஸிமினோ அத்தானும் லுவார்காவின் கடல்காற்றில் சுகமாகத்தான் இருப்பீர்கள். அதில் எனக்குச் சந்தேகமில்லை, பொறாமைதான்.

ஐந்தாம் தேதி என் பெயர்த் திருநாள். காலையிலிருந்து தொலைபேசிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீட்டுக்குத் தொலைபேசி வந்த வருடத்திலிருந்து நீ கூப்பிடாமல் இருந்ததே கிடையாது. சந்தையில் மத்தி விற்கிற அதே குரலில் வாழ்த்துப் பாட்டுப் பாடுவாய். சத்தூர் ரிசீவரைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடிப்பார். இந்த வருடம் மணி அடிக்கவில்லை. "உங்கக்கா என்னை வேணா மறப்பா, உன்னை மறக்க மாட்டா. லைன்லதான் ஏதோ கோளாறு" என்று அவர் என்னைச் சமாதானம் செய்தார். மறுநாள் உன் அட்டை வந்தது. வாழ்த்து ஒரு வரி. அதன் கீழே, "எனக்கு மாட்ரிட்டைப் பார்க்க வேண்டும். ஒரு தடவை. அவசரமில்லாமல்."

நான் அதை மூன்று பேருக்குப் படித்துக் காட்டினேன். கீழ்வீட்டு அசுன்சியோன் உட்பட. இருபத்தேழு வருடமாகக் கூப்பிடுகிறேன். ஒரு வருடம் சூரை மீன் சீசன் என்றாய், ஒரு வருடம் கோழிக்கு யார் தீனி வைப்பது என்றாய். இப்போது நீயாகவே வருகிறேன் என்கிறாய்! வா. வருடக் கடைசியில் வா. இந்த ஆகஸ்டில் வந்தால் ரொட்டிக் கடைக்காரன் கூடக் கதவை இழுத்து மூடிவிட்டுக் கடற்கரைக்குப் போயிருப்பான், நீ பூட்டைத்தான் பார்க்கலாம்.

முதல் நாள் காலை எண்ணெயில் பொரித்த சூர்ரோவும் அதை முக்கித் தின்னக் கெட்டிச் சாக்லேட்டும். மதியம் பெரிய சதுக்கத்தில் கணவாய் வறுத்து வைத்த பன். மறுநாள் என் கையால் கொண்டைக்கடலையும் கறியும் போட்டுக் கொசீதோ. ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தை, பிறகு ஒரு கோப்பை வெர்முத் மதுவும் ஆலிவ் காயும். முப்பத்தொன்றாம் தேதி இரவு சோல் சதுக்கம். புது வருடம் பிறக்கிற பன்னிரண்டு மணி அடிக்கும்போது அந்தக் கடிகாரத்துக்கு நேர் கீழே நின்று நாம் திராட்சை சாப்பிடுகிறோம். நினைவிருக்கிறதா? ஊரில் அதே மணியைக் கேட்க மதுக்கடை வானொலிக்கு முன்னால் நாம் நின்றோம். எனக்கு ஐந்து வயது, உனக்குப் பத்து. அப்பா ஆளுக்குப் பன்னிரண்டு பழம் எண்ணிக் கொடுத்தார். முதலில் கால் மணி நேரக் கணக்குக்கு அடிக்கிற நாலு கால்மணி வெறும் எச்சரிக்கை, அப்போது யாரும் வாயைத் திறக்கக் கூடாது, அதற்குப் பிறகு அடிக்கிற பன்னிரண்டுக்குத்தான் மணிக்கு ஒரு பழம் என்று அம்மா எத்தனை தடவை சொன்னாள்! நீ கால்மணிக்கே அள்ளிப் போட்டாய். உண்மையான மணி தொடங்கியபோது உன் கிண்ணம் காலி. கடைக்காரர், "அடியே கால்மணிக்காரி! அடுத்த வருஷத்தையே தின்னுட்டியே!" என்றார். நீ உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நின்றாய். நான்தான் என் பழத்தில் பாதியை உன் பக்கம் தள்ளினேன். அந்தக் கடனை இங்கே வந்து தீர்.

போன் பண்ணு. யார் இந்தக் காலத்தில் இவ்வளவு எழுதுவார்கள்!

அணைத்து முத்தமிடும் தங்கை,
நியேவெஸ்


லுவார்கா, 2 செப்டம்பர் 1993

அன்புத் தங்கை நியேவெஸுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சத்தூரையும் உன்னையும் வெயில் முழுதாக விட்டுவைத்திருக்கிறது என்று அறிந்து மகிழ்ச்சி. இங்கே மாக்ஸிமினோ நலம். கோழிகள் நலம். மழை வழக்கம்போல.

போன் பண்ணாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. புதிதாகப் பல்செட் கட்டியிருக்கிறேன். வாய்க்கு இன்னும் பழகவில்லை. பேச்சு குழறுகிறது, எனக்கே வெட்கமாக இருக்கிறது. சந்தையில் கடையை இப்போதைக்கு மாக்ஸிமினோவின் அக்காள் மகள் பார்த்துக்கொள்கிறாள். எழுதுவது எனக்குப் பிடித்திருக்கிறது. கை நன்றாக இருக்கிறது.

உன் திட்டத்தைப் படித்தே எனக்குக் கால் வலித்தது. நியேவெஸ், நான் மாட்ரிட்டைப் பிடிக்க வரவில்லை, பார்க்க வருகிறேன். இத்தனை நாள் வேண்டாம், மூன்று போதும். ஒரு நாளில் ஒரு இடம் போதும். ரெத்தீரோ பூங்காவில் ஒரு ஏரி இருப்பதாகச் சொல்வாயே, அதற்கு எதிரே பெஞ்ச் இருக்கிறதா? வெயில் விழுகிற பெஞ்சா? ஓவியக் காட்சிசாலையில் ஒரே ஒரு ஓவியம் பார்க்க வேண்டும். எது என்று நீயே தேர்ந்தெடு, ஆனால் அதற்கு முன்னால் உட்கார இடம் இருக்க வேண்டும். சோல் சதுக்கத்து இரவுக் கூட்டம் எனக்கு வேண்டாம். கூட்டத்தில் யாராவது தள்ளினால் என்னால் சமாளிக்க முடியாது.

மற்றபடி எல்லாம் உன் விருப்பம்.

முத்தங்களுடன் அக்கா,
எதெல்வினா


மாட்ரிட், 11 செப்டம்பர் 1993

அன்புள்ள பல்செட் ராணிக்கு,

நாங்கள் நலம், உன் புதுப் பல்லும் நலமே வாழ்க! அசுன்சியோனும் போன வருடம் கட்டினாள். இரண்டு மாதம் பாப்பா மாதிரிப் பேசினாள், இப்போது பாதாம் பருப்பைக் கடிக்கிறாள். பயப்படாதே.

உன் குழறல் கேட்க ஆசைப்பட்டு இரண்டு தடவை போன் செய்தேன். ஒரு தடவை அத்தான், "கோழிக்கூண்டுக்குப் போயிருக்கா" என்றார். அடுத்த தடவையும் கோழிக்கூண்டுதான். அந்தக் கோழிகளுக்கு நீ ஜெபம் சொல்லிக் கொடுக்கிறாயா?

பெஞ்ச் விஷயத்தைச் சத்தூரிடம் ஒப்படைத்தேன். முப்பது வருடமாக நகரப் பேருந்து ஓட்டுகிறவரிடம் பெஞ்சைப் பற்றிக் கேட்டால் என்ன ஆகும்? ஞாயிற்றுக்கிழமை முழுதும் ரெத்தீரோவில் ஒவ்வொரு பெஞ்சாக உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தார். "இது நிழல், அது புறா எச்சம், இது காதலர்கள் சீட்டு, எழுப்பவே முடியாது. உங்கக்காவுக்கு ஏரிக்கு மேற்கே மூணாவது. முதுகுக்குச் சாய்வு, மூஞ்சிக்கு வெயில்" என்றார்.

ஓவியம் நான் பார்த்துவைக்கிறேன். சாப்பாட்டுக்கு மட்டும் நீ பதிலே சொல்லவில்லை. பல்லுக்குக் கஷ்டம் என்றால் கொசீதோவை நாலு மணி நேரம் கூடுதலாக வேகவைக்கிறேன், கறி நாக்கில் கரையும். கணவாய் வேண்டாம். சாக்லேட் கரண்டியால் குடிக்கலாம். திராட்சை தோல் உரித்து, விதை எடுத்து, சின்ன டப்பாவில் பன்னிரண்டு பன்னிரண்டாக விற்கிறார்கள். அது வாங்குகிறேன். சரிதானே?

உன் பதிலைக் கதவோரம் நின்று எதிர்பார்க்கும்,
நியேவெஸ்


லுவார்கா, 20 அக்டோபர் 1993

அன்பு நியேவெஸ்,

தாமதமானதற்கு மன்னித்துக்கொள். சத்தூரின் பெஞ்சுக்கு என் நன்றி. மாக்ஸிமினோவுக்கும் அதைப் படிக்கக் கொடுத்தேன். அவர் சிரித்தார். வெகுநாளைக்குப் பிறகு சிரித்தார்.

சில விஷயங்கள் கேட்க வேண்டும். உன் வீட்டுக்கு மூன்று மாடி என்று தெரியும். படிகளுக்கு நடுவில் நின்று மூச்சு வாங்க இடம் உண்டா? எனக்குப் படுக்கை வேண்டாம், சாய்வு நாற்காலி இருந்தால் போதும். இப்போதெல்லாம் தட்டையாகப் படுத்தால் தூக்கம் வருவதில்லை. அல்லது தலைக்கு மூன்று தலையணை. இரவில் நான் இருமினால் பயப்படாதே.

ஏரியில் படகு உண்டாமே. ஏற வேண்டாம், பார்த்துக்கொண்டிருக்கலாம். துடுப்புப் போடத் தெரியாத ஊர்க்காரர்கள் படகு ஓட்டுவதைப் பார்த்தால் எனக்குப் பொழுது போகும்.

போன் செய்ய வேண்டாம். எழுது.

அக்கா,
எதெல்வினா


மாட்ரிட், 22 நவம்பர் 1993

அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீயும் நலம் என்று நம்புகிறேன். நம்பத்தான் முடிகிறது, ஏனென்றால் போன கடிதத்துக்குப் பிறகு நான் எழுதிய இரண்டுக்கும் பதில் இல்லை.

மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு உள்ளே வைத்துக்கொள்ளத் தெரியாது. உனக்கு என் மேல் என்ன கோபம்? நான் சாப்பாட்டைப் பற்றி எழுதுகிறேன், நீ பெஞ்சைப் பற்றி எழுதுகிறாய். கொசீதோ என்கிறேன், தலையணை என்கிறாய். சாப்பாடு பற்றி ஒரு வார்த்தை இல்லை. அம்மா இறந்தபோது நான் சமைத்த மீன் குழம்பை நீ, "இதுக்கு மீன் செத்ததே வீண்" என்று சொன்னாயே, இன்னமும் அப்படித்தான் நினைக்கிறாயா? நான் இந்த இருபத்தேழு வருடத்தில் சமைக்கக் கற்றுக்கொண்டுவிட்டேன் அக்கா. உன் தட்டில் என் சமையல் காலியாவதைப் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் இத்தனை ஆர்ப்பாட்டமும். வேறு ஒன்றுமில்லை.

ரயில் டிக்கெட் எடுத்தாயா? ஒவியேதோவிலிருந்து காலை வண்டியில் ஏறினால் மதியம் தாண்டி இங்கே இருப்பாய். ஒரு வரியாவது எழுது. சத்தூர் தினமும் தபால்பெட்டியை என்னை முந்திப் போய்ப் பார்க்கிறார். பார்த்துவிட்டு, "மின்சார பில்தான்" என்று விசிலடித்துக்கொண்டே மாடியேறுகிறார். எனக்கு அந்த விசில் பிடிக்கவில்லை.

நியேவெஸ்


லுவார்கா, 1 டிசம்பர் 1993

அன்புள்ள நியேவெஸ்,

நீயும் சத்தூரும் சௌக்கியம் என்று நினைக்கிறேன். நான் எழுதிப் பழக்கமில்லாதவன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

அவளுக்கு உன் மேல் கோபமில்லை. உன் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாள். போன் மட்டும் பண்ணாதே. மணி அடித்தால் எழுந்து வெளியே போய்விடுகிறாள், மழையானாலும். மணி நின்ற பிறகுதான் உள்ளே வருவாள். கோழிக்கூண்டு என்று சொல்லச் சொன்னது அவள்தான்.

பல்செட் என்று எழுதியிருக்கிறாளா? நீ கேட்டிருந்ததைப் படித்தபோதுதான் எனக்கே தெரிந்தது. அவளுக்குப் பல் ஒன்றுகூட விழவில்லை.

வரத்தான் போகிறாள். சூப் மட்டும் வை. கெட்டியான சூப். நான் எழுதியதாகச் சொல்லாதே.

மாக்ஸிமினோ


மாட்ரிட், 6 டிசம்பர் 1993

அக்கா,

உன் கடிதங்கள் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி வைத்து ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தேன். இதை முன்பே செய்திருக்க வேண்டும். மாக்ஸிமினோ நலம் என்று எழுதியிருக்கிறாய். கோழிகள் நலம் என்று எழுதியிருக்கிறாய். எதெல்வினா நலம் என்று ஓர் இடத்திலும் இல்லை. நீ பொய் சொல்லத் தெரியாதவள். பல்செட் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, மற்ற இடங்களில் வாயை மூடிக்கொண்டிருக்கிறாய்.

பாதாம் பருப்பு கடிக்கிற அசுன்சியோனைக் கேட்டேன். "பல்லு புதுசா இருந்தா தலையணை எதுக்குடி மூணு கேக்கறா? தொண்டையில ஏதோ இருக்கு" என்றாள். சத்தூர் அப்போது விசிலடிக்கவில்லை.

உன்னால் பேச முடியவில்லை, இல்லையா? விழுங்கவும் முடியவில்லை. நானோ ஆகஸ்டிலிருந்து உனக்குக் கணவாயும் கறியும் திராட்சையும் எழுதிக்கொண்டிருக்கிறேன்!

எழுது. என்னவாக இருந்தாலும் எழுது. எனக்குத் தெரியாமல் எதையும் தாங்கிக்கொள்ளாதே.

உன்,
நியேவெஸ்


லுவார்கா, 15 டிசம்பர் 1993

நியேவெஸ்,

உனக்குக் கடிதம் எழுதிச் சொன்னது மாக்ஸிமினோ என்று எனக்குத் தெரியும். மைக்கறை அவர் விரலில் இரண்டு நாள் இருந்தது. திட்ட முடியவில்லை, திட்டுவதற்கு நாக்கு வேண்டுமே.

சொல்லிவிடுகிறேன். போன குளிர்காலத்தில் சந்தையில் நின்று விலை கூவும்போது வார்த்தை வழுக்கியது. குளிர் என்று நினைத்தேன். பிறகு காப்பி புரையேறியது. பிறகு ரொட்டி. ஜூலையில் ஒவியேதோவில் பெரிய மருத்துவமனைக்குப் போனோம். நாக்குக்கும் தொண்டைக்கும் போகிற நரம்புகள் செத்துக்கொண்டு வருகின்றனவாம். மற்ற இடங்களுக்கும் இறங்குமாம். இளம் டாக்டர், நல்ல பையன், மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினான். நான் எழுதிக் காட்டினேன், 'எவ்வளவு நாள்?' என்று. "அம்மா, உங்களுக்குச் செய்ய ஆசையா ஏதாவது இருந்தா இந்தக் குளிர்காலத்துக்குள்ள செஞ்சுடுங்க" என்றான். வீட்டுக்கு வந்து உனக்கு அட்டை எழுதினேன்.

நீ கேட்பாய், ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று. உன்னை எனக்குத் தெரியும். சொன்ன மறுநாளே நீ மாட்ரிட்டில் உள்ள டாக்டர்களையெல்லாம் வரிசையில் நிறுத்தியிருப்பாய். நான் ரயிலை விட்டு இறங்குவேன், நீ என்னைக் காத்திருக்கிற அறைகளில் உட்காரவைப்பாய். நான் அந்த நாற்காலிகளில் போதுமான அளவு உட்கார்ந்துவிட்டேன். எனக்குப் பார்க்க வேண்டியது நீ இருபத்தேழு வருடமாக நடக்கிற தெரு. நீ ரொட்டி வாங்குகிற கடை. நோயாளியாக அல்ல, ஊர் பார்க்க வந்த அக்காவாக ஒரு தடவை வர வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அதைக் கெடுத்துவிடாதே.

வருடக் கடைசியில் கூட்டம். பிப்ரவரியில் வருகிறேன். நீ அழுவாய், அழு. ஆனால் நான் வருவதற்கு முன்னால் அழுது முடி.

அக்கா


மாட்ரிட், 22 டிசம்பர் 1993

என் அன்பு அக்கா,

அழுது முடிக்கவில்லை. ஆனாலும் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவுமில்லை.

சத்தூருடன் வேலை பார்க்கிறவரின் மைத்துனி நரம்பு டாக்டரிடம் உதவியாளராக இருக்கிறாள். அந்த டாக்டர் அமெரிக்காவில் படித்தவராம், ஆறு மாதம் காத்திருந்தாலும் பார்க்க முடியாதாம். எப்படியோ பிடித்துவிட்டேன். பிப்ரவரி பதினைந்து காலை ஒன்பது மணிக்கு உனக்கு நேரம் கொடுத்திருக்கிறார். மறுநாள் சில பரிசோதனைகள், ஊசி போட்டுப் பார்ப்பார்களாம். மூன்றாம் நாள் முடிவு சொல்வார்கள். ரெத்தீரோ பக்கம்தான், இடையில் நேரமிருந்தால் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வரலாம். ஒவியேதோவில் கொடுத்த காகிதங்களையெல்லாம் மறக்காமல் எடுத்துவா.

ஊர் அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம். முதலில் நீ பிழைக்க வேண்டும்.

கிறிஸ்து பிறப்பு வாழ்த்துகளுடன்,
நியேவெஸ்


லுவார்கா, 3 ஜனவரி 1994

நியேவெஸ்,

புத்தாண்டு வாழ்த்து. நான் வரவில்லை.

'அடுத்த தடவை' என்று எழுதியிருக்கிறாய். அதை எழுதும்போது உன் கை கூசவில்லையா? நான் உன்னிடம் மாட்ரிட்டைக் கேட்டேன், நீ எனக்கு ஊசி கொடுக்கிறாய். ஒவியேதோ டாக்டர் முட்டாள் அல்ல. அமெரிக்காவில் படித்தவர் அதையே இன்னும் நல்ல நாற்காலியில் உட்கார்ந்து சொல்வார். நீ எனக்காகச் செய்யவில்லை, உனக்காகச் செய்கிறாய். ஏதோ செய்தோம் என்று உனக்கு இருக்க வேண்டும்.

முப்பத்தொன்றாம் தேதி என்ன நடந்தது தெரியுமா? தொலைக்காட்சியில் உன் சோல் சதுக்கம். மாக்ஸிமினோ தன் கிண்ணத்தோடு உட்கார்ந்தார். எனக்கு ஒன்றும் வைக்கவில்லை, வைக்காதது தெரியக் கூடாது என்று மேசைவிரிப்பை இழுத்து இழுத்து நேராக்கினார். கால்மணி அடித்தது. நான் அவர் கிண்ணத்திலிருந்து ஒரு பழத்தை எடுத்து வாயில் போட்டேன். பழக்கதோஷம். பன்னிரண்டும் அடித்து முடிந்தது, வெளியே கப்பல்கள் சங்கு ஊதின, அந்த ஒரு பழம் வாயிலேயே இருந்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் மனமில்லை. கடைசியில் மாக்ஸிமினோ கையை நீட்டினார். அவர் உள்ளங்கையில் துப்பினேன்.

அவர் எந்த டாக்டரையும் கூப்பிடவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். உன்னால் அப்படி உட்கார முடியுமென்றால் எழுது. முடியாதென்றால் இப்படியே இருக்கட்டும்.

எதெல்வினா


மாட்ரிட், 20 ஜனவரி 1994

அக்கா,

நலம் விசாரிக்க மாட்டேன். நீ எப்படியிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும், நான் எப்படியிருக்கிறேன் என்று உனக்கும் தெரியும்.

உன் கடிதம் வந்த அன்று சத்தூரிடம் கத்தினேன், "செத்துப்போறேன்னு அவளே முடிவு பண்ணிட்டா நான் என்னதான் செய்யறது!" என்று. அவர் காலணிக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். "பெஞ்சைக் காட்டு" என்றார். "அவ கேட்டது அதைத்தானே, நியேவெஸ். நானும் இந்தக் குளிர்ல போய் மறுபடி உக்காந்து பார்த்துட்டு வந்துட்டேன். மூணாவதுதான். இலை உதிர்ந்ததுல இப்ப வெயில் இன்னும் நல்லா விழுது." அவருடைய தொப்பியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். மறுநாள் டாக்டர் கொடுத்த நேரத்தை ரத்து செய்தேன்.

திட்டம் இதுதான். முதல் நாள் ஒன்றுமில்லை. நீ வருகிறாய், மாடியேறுகிறாய். நடுவில் மூச்சு வாங்க இடம் கேட்டாயே, ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் ஒரு நாற்காலி போட்டாயிற்று. அசுன்சியோன் தன்னுடைய நல்ல நாற்காலியைக் கொடுத்தாள், இரண்டாம் மாடிக் கிழவர் மடக்கு நாற்காலி கொடுத்தார். நாற்காலி எதற்கென்று யாருக்கும் விளக்கவில்லை, அக்கா வருகிறாள் என்று மட்டும் சொன்னேன். இரண்டாம் நாள் பெஞ்ச். துடுப்புப் போடத் தெரியாதவர்கள் பிப்ரவரியிலும் உண்டு. ஓவியம் ஒன்று பார்த்துவைத்திருக்கிறேன், எதிரே தோல் இருக்கை. நீ சலிக்கும்வரை உட்காரலாம், காவலாளியிடம் பேசிவிட்டேன். அவரும் நம் அஸ்தூரியாஸ் பக்கத்து ஊர்க்காரர், உன் சந்தைக் குரலைக் கேட்டிருப்பாராம்.

மூன்றாம் நாள் சோல். புத்தாண்டுக்கு மட்டும்தான் அந்தக் கடிகாரம் அடிக்கும் என்று நினைத்தாயா? தினமும் மதியம் பன்னிரண்டுக்கு அதே கால்மணி, அதே பன்னிரண்டு. ஒரு ஈ காக்கை திரும்பிப் பார்க்காது. லாட்டரிச் சீட்டு விற்பவனும் நாமும்தான். திராட்சையைச் சாறெடுத்து, ஜெலட்டின் போட்டுக் கெட்டியாக்கினால் கரண்டியில் நழுவாமல் நிற்கிறது, தொண்டையில் தானாக இறங்குகிறது. முதல் தடவை ரப்பராக வந்தது. இரண்டாம் தடவை தண்ணீர். சத்தூர்தான் ருசி பார்க்கிறார், சோதனைக்காகச் சாய்ந்து படுத்துக்கொண்டு தின்கிறார், "உங்கக்கா வர்றதுக்குள்ள நான் திராட்சைக் கொடியா முளைச்சுடுவேன்" என்கிறார்.

அழ மாட்டேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன். சமையலறையில் அழுவேன். கண்டுகொள்ளாதே.

பக்கத்தில் உட்கார என்னால் முடியும். வா.

நியேவெஸ்


லுவார்கா, 2 மார்ச் 1994

அன்புத் தங்கைக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தோம். மாக்ஸிமினோ நலம். கோழிகள் எங்கள் மேல் கோபமாக இருக்கின்றன. எதெல்வினா நலமில்லை, ஆனால் சந்தோஷமாக இருக்கிறாள். இந்த வரியை உனக்காக எழுதினேன்.

அங்கே மூன்று நாளும் நீதான் பேசினாய். என் சிலேட்டில் நான் எழுதி முடிப்பதற்குள் நீ பதில் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவாய். அதனால் சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். உன் ரொட்டிக் கடை நான் நினைத்ததைவிடச் சின்னது. உன் தெரு நான் நினைத்ததைவிடச் சத்தம். ஓவியம் எனக்குப் புரியவில்லை, ஆனால் இருக்கை நன்றாக இருந்தது, அதைவிட உன் தோள் நன்றாக இருந்தது. நீ தூங்கிவிட்டாய், தெரியுமா? குறட்டை விட்டாய். காவலாளி உன்னை எழுப்ப வந்தார், நான் வாயில் விரலை வைத்துக் காட்டினேன். சமையலறையில் நீ அழுததைக் கண்டுகொள்ளவில்லை, சொன்னபடி. ஆனால் குழாயைத் திறந்துவிட்டு அழுதால் கேட்காது என்று யார் உனக்குச் சொன்னது?

சோல் சதுக்கம்தான் எனக்குத் திரும்பத் திரும்ப வருகிறது. வெயில். லாட்டரிக்காரன். நீ என் கிண்ணத்தையும் உன் கிண்ணத்தையும் ஒரே கையில் பிடித்தபடி, "அக்கா, இது கால்மணி, பொறு, பொறு, வாயைத் திறக்காதே" என்று சொல்லிக்கொண்டே, பதற்றத்தில் உன் பழத்தை எடுத்து உன் வாயில் போட்டாயே! முதல் கால்மணிக்கே! நாற்பத்தேழு வருடமாக என்னைக் கேலி செய்தவள்! சத்தூர், "இப்ப யாருடி கால்மணிக்காரி?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. என் சிரிப்பு இப்போது கழுதை கத்துவது போல வருகிறது, வீட்டில் அடக்கிக்கொள்வேன். அங்கே அடக்கவில்லை. லாட்டரிக்காரன் திரும்பிப் பார்த்தான். பார்க்கட்டும். அந்தச் சிரிப்புக்குத்தான் நான் வந்தேன் என்று நினைக்கிறேன். பிறகு நீ ஊட்டிய திராட்சைக் கூழ் நாலு கரண்டி இறங்கியது. இனிப்பாக இருந்தது. நியேவெஸ், உன் சமையலை நான் சாப்பிட்டேன். மீன் குழம்பைப் பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

இடதுகை சரியாகப் பிடிப்பதில்லை. வலதுகையும் களைக்கிறது. இனி மாக்ஸிமினோ எழுதுவார், அவர் சுருக்கமாகத்தான் எழுதுவார், கோபித்துக்கொள்ளாதே. அதனால் இதை என் கையாலேயே எழுதிவிடுகிறேன்.

கால்மணிக்காரி என்ற பெயரை என்னிடமே விட்டுவிடு, அது உனக்குப் பொருந்தாது. மற்றவர்களுக்கு மணி தொடங்குவதற்கு முன்னாலேயே என் கிண்ணம் காலியாகிவிட்டது, எப்போதும் போல. நீ பதறாதே. இந்தத் தடவை உன் பழத்தில் பாதியை என் பக்கம் தள்ளவும் வேண்டாம். உன் பன்னிரண்டையும் நீயே நிதானமாகச் சாப்பிட்டு முடித்துவிட்டு வா. நான் உட்கார்ந்திருக்கிறேன்.

அக்கா,
எதெல்வினா